குறைகுடம்

லாஸ் மாக்கிஸில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது
ஓர்ஃபெலினா கான்சினோவின் சலவைக்கூடம்.
அவள் குழாய்க்கடியில் வாளி வைத்தால்
காலை பத்து மணிக்கும்
விரல் தடிமனுக்கு நீர் விழவேண்டும்.
அங்கிருந்துதான் தொடங்கினேன்.
கோபுரத்தின் உயரத்தை நான் முடிவு செய்யவில்லை,
கடைசிக் குழாய் செய்தது:
வழியெல்லாம் உராய்வு தின்றது போக
பதினெட்டு மீட்டர்.

முந்நூறு கன மீட்டர் என்றதும்
தண்ணீர் லாரி ஓட்டும் எலெயுத்தேரியோ கேட்டான்:
"என் வண்டியில் எத்தனை நடை?"
முப்பது.
எதுவும் கட்டப்படாத வானத்தை அண்ணாந்து
ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பார்த்தான்
தன் முப்பது லாரிகளையும்.
"எட்டுத் தூண் போதுமா?"

போதும், பூமி சும்மா இருந்தால்.
சிலியில் அது சும்மா இருந்து
யார் பார்த்தது?

நிறைந்த தொட்டிக்கு ஒரு கணக்கு,
வெறும் தொட்டிக்கு ஒரு கணக்கு.
நிறைந்தது தூணை நசுக்கும்.
வெறுமை, காற்றோடு சேர்ந்துகொண்டு
அடித்தளத்தின் ஓர் ஓரத்தைக் கிளப்பப் பார்க்கும்.
இரண்டுக்கும் கம்பி எழுதிவிட்டேன்.
கையெழுத்துதான் பாக்கி.

அன்றைக்கு நீர்க்குழுவின் பிராவுலியோ
ஒரு நோட்டை மேசையில் வைத்தார்.
பழைய தொட்டியின் பதிவேடு.
அது விழுந்த இரவின் வரி, நீல மையில்:
"10.40. மட்டம் 2.30. பம்பு நிறுத்தம்."

ஊர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தது.
பம்பு இயக்கிய நிபால்தோ
குடித்துவிட்டுத் தூங்கினான்,
வழிய வழிய நிரம்பியது,
அதனால்தான் விழுந்தது என்று.
அவன் வீட்டுக் கதவில் யாரோ ஏதோ எழுதினார்கள்.
மறுவாரம் வடக்கே பஸ் ஏறினான், அந்தோஃபகஸ்தாவுக்கு.

மட்டம் 2.30.
பாதி.

நிறைகுடம் தளும்பாது என்பதெல்லாம்
தரையில் வைத்த குடத்துக்கு.
நடக்கிற பூமியில்
எந்தக் குடமும் இடுப்பில் இருக்கும் குடம்தான்.
அடிநீர் சுவரோடு ஒட்டிப் போகும்.
மேல்நீர் பிந்தி எழுந்து, தன் தாளத்தில் திரும்பி வந்து
சுவரை அறையும்.
நிறைந்திருந்தால் ஓர் ஆட்டத்துக்கு மூன்று நொடி, கொஞ்சம்;
பாதியில் மூன்றே முக்கால்,
நின்று நிதானமாக.

மூன்றாவது கணக்கை இரவு முழுக்கப் போட்டேன்.
அது பழைய தொட்டியைத் தள்ளியிருக்கும் அளவுக்கு
எங்கும் பெரிதாக வரவில்லை.
விடிந்ததும் இடிபாட்டுக்குப் போனேன், நாடாவோடு.
தூணும் உத்திரமும் சேரும் கணுவில்
வளையக் கம்பி விரலளவு நெருக்கமாக இருக்கவேண்டும்.
இருந்தது முழங்கை இடைவெளியில்.
எட்டுத் தூணிலும் அப்படித்தான்.
யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள்,
நிபால்தோ தண்ணீரை மட்டும்தான் நிறுத்தினான்.

புதியதில் கணுக்களை நெருக்கினேன்.
தூண்களுக்கு இடையில் ஒரு வளைய உத்திரம் கூடுதலாக.
அலைக்கென்று மேலே விட்ட வெற்றிடத்தையும் உயர்த்தினேன்.
"சாயத்துக்குக் காசில்லை" என்றார் பிராவுலியோ.
சிமெண்ட் நிறமே இருக்கட்டும்.

சோதனைக்கு நீர் ஏற்றிய நாளில்
2.30-ல் பம்பை நிறுத்தச் சொன்னேன்.
காரணம் கேட்ட பையனிடம்
"பழக்கம்" என்றேன்.
வெளிச்சுவரில் ஒரு மயிரிழை வியர்த்தது.
பயப்படவேண்டிய அகலமில்லை;
காங்கிரீட்டின் சுண்ணாம்பு கரைந்து வந்து
நாலைந்து நாளில் அதைத் தானே அடைத்துவிடும்,
வெள்ளையாக ஒரு கோடு மட்டும் நிற்கும்.

அன்று மாலை பிராவுலியோ வடக்குக்கு ஃபோன் போட்டார்.
மணி அடித்தது. எடுக்கவில்லை.
மறுபடி போட்டார்.
எடுத்த பெண் குரல், யாரென்று கேட்டதும்
லாஸ் மாக்கிஸ் என்ற பெயரைக் கேட்டதும்
வைத்துவிட்டது.

மேலே, ஓர்ஃபெலினாவின் குழாய்
இரண்டு முறை இருமி, காற்றைத் துப்பி,
செந்நிறமாக ஒரு வாளி விட்டது.
வேலை போகப்போகிறவன் எலெயுத்தேரியோ,
அதைத் தெருவில் கொட்டிவிட்டு
வாளியைத் திரும்ப வைத்தான்.